வெள்ளிக்கிழமை வாக்குமூலம்

என் வாய்க்கு நீடாமங்கலத்தில் பயப்படாதவர்கள் குறைவு. முப்பத்து நாலு வருஷம் ஆங்கில டீச்சர். கடைத்தெருவில் ஒரு ஜூஸ் கடை போர்டில் எழுத்துப் பிழை இருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், ஜூஸ்ல பிழை இல்லியே?" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சிவப்பு மசி என் விரலை விட்டுப் போகவில்லை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதிலேயே ஆயுசு கழிந்தவளுக்குத் தன் தப்பு கண்ணில் படாது என்பதை அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி வெளிநாட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போர் நடந்த நாடுகளில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற சர்வதேச அலுவலகம் அது. வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்வார்கள், மனசு விட்டுப் பேச ஆள் தருவார்கள். அதோடு, இந்தப் பெண்ணுக்கு இன்ன கொடுமை நடந்தது, அது குற்றம், அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுத்தில் ஓர் அங்கீகாரக் கடிதமும் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பெண்ணின் வாக்குமூலம் வேண்டும்.

ஒரு நாள் போன் செய்தாள். "டீச்சர், இலங்கையிலேர்ந்து வந்தவங்க ஒருத்தங்க உங்க ஊர்லயே இருக்காங்க. சென்னையிலேர்ந்து ஆள் அனுப்பறோம்னா வேணாங்கறாங்க. கார் வந்து நின்னா தெருவே கேக்குமாம். உள்ளூர்லயே ஒரு பொம்பளை இருந்தா சொல்றேங்கறாங்க. எனக்கு உங்களை விட்டா யாரும் ஞாபகத்துக்கு வரலை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி என்றேன்.

கம்ப்யூட்டர் வழியாக நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பேசுகிறவரைத் தொடக்கூடாது. அவசரப்படுத்தக்கூடாது. குறுக்கே பேசக்கூடாது. அழுதால் அழவிட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். அந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லித்தருகிறார்களே என்று அந்தப் பயிற்சி கொடுத்த அம்மாளிடமே சொன்னேன். அவரும் சிரித்தார். விதிகளைப் பார்த்துச் சிரிக்கிறவள்தான் முதலில் மீறுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாவம், அவருக்கு எங்கள் ஊரையும் தெரியாது, என் வாயையும் தெரியாது.

இங்கே நான் எழுதுவது என் தவறை மட்டும்தான். அந்த இலங்கைப் பெண்ணுக்கு நடந்ததை எழுதவில்லை. எந்தச் சீருடை போட்டவர்கள் என்றும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை. மற்றதை எழுத அவளிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. போர் முடிந்த பிறகு தாயோடு இங்கே வந்தவள். தாய் இறந்துவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அரிசி ஆலையில், புழுங்கல் நெல்லைக் களத்தில் காயப்போட்டுக் காலால் துழாவுகிற வேலை. இடது இடுப்பில் ஓயாத வலி. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி உட்காருவாள். ஏன் அந்த வலி என்று எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. சொல்லாத நோய்க்கு டாக்டர்கள் தைலம்தான் கொடுத்தார்கள்.

முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. விதிப்படி அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"வைத்தியம் செய்தால் நல்லம்தான் அக்கா," என்றாள். "ஆனா எனக்கு அந்தக் கடுதாசிதான் வேணும். நடந்தது நடந்ததெண்டு ஆரோ ஒருத்தர் எழுதித் தரோணும். அம்மாவே கடைசி வரைக்கும், அப்பிடி ஒண்டும் நடக்கேல்லப் பிள்ளை எண்டுதான் சொன்னவ. சொல்லிச் சொல்லி எனக்கே சில நேரம் சந்தேகம் வந்திடும்."

ஆலை முதலாளி கூத்தாநல்லூர்ப் பக்கத்து பாய். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக ஆலைக்கு அரை நாள் லீவு. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு வருவது என்று முடிவானது. பக்கத்து வீட்டில், யார் அது என்று கேட்டார்கள். மாடி பெருக்க ஆள் வைத்திருக்கிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஊரில் எத்தனையோ பொய் இருக்க, எனக்கு இதுதான் தோன்றியது பாருங்கள். அவளிடம் வெட்கத்தோடு சொன்னபோது கோபப்படவில்லை. போகும்போது விளக்குமாற்றை எடுத்து மாடிப்படியைப் பெருக்கினாள். நான் தடுத்தேன். "பொய் சொன்னா அதுக்கெண்டு கொஞ்சம் வேலையும் செய்யோணும் அக்கா," என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

முதல் வெள்ளி ஊரைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வெள்ளி ஓடிய பாதையைச் சொன்னாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் தங்கினார்கள், எங்கே தம்பியைத் தவறவிட்டார்கள், எங்கே வரிசையில் நிற்கச் சொல்லி அவளை மட்டும் தனியே கூப்பிட்டார்கள் என்று. அவள் சம்மதத்தோடு என் போனில் பதிவு செய்துகொண்டேன். நான்கரைக்குள் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

மூன்றாவது வெள்ளி, மத்தியானம் மேகம் திரண்டுவிட்டது. களத்தில் நெல் கிடக்கும்போது மழை வந்தால் அரை நாளாவது லீவாவது. எல்லோருமாகக் கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்களாம். அப்புறம் ரயில்வே கேட். எங்கள் ஊர் கேட் மூடினால் மாப்பிள்ளை அழைப்பே நின்றுவிடும், இன்ஜினைக் கழற்றி மாட்டி ஒரு சரக்கு ரயிலை அனுப்புவதற்குள் ஆளுக்கு ஒரு டீ குடித்து முடிக்கலாம். அவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. நெல் தூசு காலில் ஒட்டியிருந்தது. இன்று வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. இண்டைக்குச் சொல்லிப்போடுறன். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். பல பெண்களோடு ஓர் அறையில் அடைத்து வைத்தது. யார் யார் கூட இருந்தார்கள் என்பது. ஐந்தாம் நாள் மத்தியானம் அவளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனது. அந்த அறையின் கதவு என்ன நிறம் என்று சொன்னாள். உள்ளே எத்தனை பேர் என்று சொன்னாள். அதற்கு மேல் குரல் உடைந்தது. சத்தம் போட்டு அழுதாள். இந்த உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேகம் வேறு, கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. சாமி மாடத்தில் விளக்கு ஏற்றவில்லை. தெருவில் எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டு விளக்கு வைத்துவிட்டார்கள்.

நான் சொன்னேன்: "ஐயய்யோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல அழலாமா? கண்ணைத் தொடைங்கம்மா. தொடைங்க."

அவள் உடனே நிறுத்திவிட்டாள். குழாயை மூடினால் நிற்கிற மாதிரி நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றாள். நான் எழுந்து போய் விளக்கை ஏற்றினேன். திரும்பி வந்து, சொல்லுங்க என்றேன்.

"வேற ஒண்டுமில்லை அக்கா. அடுத்த நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டவங்கள். அவ்வளவுதான்."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். பாவம், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அழக்கூடாது என்று சொன்னது என் வாய்கூட இல்லை. என் வீட்டில், என் அம்மா வீட்டில், இந்தக் காவிரிக்கரை வீடுகள் எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை அழுகிற பெண்ணுக்கு அதைத்தான் சொல்வோம். சொன்னதே எனக்கு மனதில் நிற்கவில்லை.

பதிவை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்புதான். அதை ஒரு வாரம் இழைத்து இழைத்துச் செய்தேன். பாராட்டி எழுதினார்கள். இத்தனை சுத்தமான ஆங்கிலத்தில் வாக்குமூலம் வருவது அபூர்வம் என்றார்கள். அதை மூன்று தரம் படித்தேன்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. காவலில் வைக்கப்பட்டதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யத் தயார். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கான அங்கீகாரமும் அதற்கான வைத்தியமும் கொடுக்க வழியில்லை; இந்த வாக்குமூலத்தில் அதைப் பற்றி எதுவுமே சொல்லப்படவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் அவர் விரும்பினால் மேலும் சொல்லலாம். அவ்வளவுதான் சாராம்சம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாணவியை போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அடைச்சு வெச்சாங்க, தனி அறைக்கு இழுத்துட்டுப் போனாங்க, மறுநாள் கொண்டாந்து விட்டாங்கன்னு இருக்கு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்? படமா வரைஞ்சு காட்டணும்? மூளை இருக்கிற எவனுக்கும் புரியாதா?"

"புரியுது டீச்சர். இங்க எல்லாருக்கும் புரியுது," என்றாள். "ஆனா அவங்க சொல்லாததை நாங்களா யூகிச்சு எழுதக்கூடாது. எழுதினா நாளைக்கு யாரு வேணாலும் அதைப் பொய்னு சொல்லிடலாம். அவங்க வாயால ஒரு வரி இருந்தாக்கூடப் போதும்."

"அவங்க சொன்னது அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தையை விடலை."

அவள் மெதுவாக, "டீச்சர், அனுமதி வாங்கிட்டுப் பதிவைக் கேட்டேன். நீங்களும் ஒரு தடவை கேளுங்க. மூணாவது பதிவு, கடைசிப் பகுதி," என்றாள்.

மொழிபெயர்க்கும்போது அந்த இடத்தை நான் கேட்கவில்லை என்பதில்லை. கேட்டிருக்கிறேன். அழுகைக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் இருந்த என் குரலை, வாக்குமூலத்தில் சேராதது என்று தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை கேட்டேன். அவள் குரல், "அக்கா, அவங்கள் என்னை..." என்று ஆரம்பிக்கிறது. அழுகை. அதன்மேல் என் குரல். வகுப்பில் பேசுகிற பெண்ணை உட்காரவைக்கிற அதே குரல். பிறகு தீக்குச்சி உரசுகிற சத்தம். பிறகு, "வேற ஒண்டுமில்லை அக்கா."

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன் என்று மார்தட்டியவள். ஒருத்தி பதினைந்து வருஷத்துக்கு மேல் அடக்கிவைத்திருந்தது வாய் வரைக்கும் வந்தபோது அதை நான் விழுங்கவைத்துவிட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் அவர்களை நான் சும்மா விட்டிருப்பேனா?

ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஆலைக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. சுவரோரம் நின்றபடியே அவள் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடிதம் வந்ததைச் சொன்னேன். ஏன் அப்படி வந்தது என்பதையும் சொன்னேன். "என் தப்பும்மா. முழுக்க என் தப்பு. உங்களை நான் அழவிட்டிருக்கணும்," என்றேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"உங்களில பிழை சொல்லேலாது அக்கா," என்றாள். "உங்கட வீட்டுக்கு ஏதும் கெடுதி வந்திடுமோ எண்டு எனக்குப் பயம் வந்திட்டுது. அதுதான் நிப்பாட்டினனான். எனக்கு எப்பவும் அப்பிடித்தான். அம்மாட்டச் சொல்லப் போன அண்டைக்குத் தங்கச்சியைப் பொம்பிளை பாக்க வந்தவை. மாமியிட்டச் சொல்லப் போனா மருமகள் வயித்தில பிள்ளையோட இருக்கிறாள், கேக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா. எங்க போனாலும் அந்த வீட்டுக்கு ஆகாத நேரமாத்தான் இருக்கும்."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்கவே எனக்கு நாக்கு கூசியது. கேட்டேன். முறையாகப் படித்த, இதே வேலையாக இருக்கிற ஒரு பெண் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் வருவார், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றேன். ஒரு வாரம் யோசித்தாள். அந்தக் கடுதாசிக்காக ஒருக்கால் பார்க்கிறேன் என்றாள். இடம்தான் இல்லை. அவள் வீட்டுத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்கே வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மன்னார்குடிப் பக்கம் போகிற ரயில் வந்தது, போனது. தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா டீச்சர் என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன். இன்று அவள் எத்தனை சத்தமாக வேண்டுமானாலும் அழட்டும், தெரு முழுக்கக் கேட்கட்டும், யார் வந்து கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் சொட்டு ஈரம் இல்லை.

"வரேல்ல அக்கா," என்றாள். "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு கேள்வி கேட்டு என்னை நெருக்கேல்ல. அந்தக் கதவு வரைக்கும் வந்தன். உள்ள போக வாய் வரேல்ல. அண்டைக்கு வந்தது அக்கா. அண்டைக்கு என்னவோ வந்தது. இண்டைக்கு வரேல்ல."

சென்னைப் பெண் பிறகு என்னிடம் போனில் சொன்னார். அதே இடத்தில் நின்று, 'அவ்வளவுதான்' என்றுதான் இன்றும் முடித்தாராம். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் சொல்லியிருப்பாரோ என்று நான் கேட்டேன். "தள்ளக்கூடாது டீச்சர். தள்ளினவங்க நிறைய பேரை அவங்க பாத்துட்டாங்க," என்றார். அவர் வயது என் மகள் வயது இருக்கும். எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கெடு முடிந்தது. நடுவில் நானே ஒரு கடிதம் எழுதினேன். சாட்சியைத் தடுத்தவள் நான், இந்த ஊரில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு, தண்டனை எனக்குத்தான் வர வேண்டும், அவளுக்கு அல்ல என்று. மதித்துப் பதில் எழுதினார்கள். நான் எழுதியது அவள் ஏன் நிறுத்தினாள் என்பதை விளக்குகிறதாம், அவளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லையாம். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. தப்பு இருந்தால் நான் சிவப்பு மசியை எடுத்திருப்பேன்.

முடிவுக் கடிதம் அவள் பெயருக்கு, என் விலாசத்துக்கு வந்தது. அவள் வந்த அன்று அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். தாங்கள் பட்ட துன்பத்துக்கு வருந்துகிறோம், ஆலோசனை உதவி எப்போதும் உண்டு, என்றைக்காவது சொல்ல விரும்பினால் எங்கள் கதவு திறந்தே இருக்கும். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

அவள் சுவரோரம் நின்று கேட்டாள். முடிந்ததும், "அதில, எனக்கு நடந்தது நடந்ததெண்டு போட்டிருக்கோ அக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்ப எழுத்தில, அது நடக்கேல்ல எண்டுதானே நிக்கும். அம்மா சொன்ன மாதிரி."

கோபமாகச் சொல்லவில்லை. ஆலையில் நாளைக்கு வேலை உண்டா என்று கேட்கிறவள் மாதிரித்தான் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"நான் எழுதித் தரேன். எனக்குத் தெரியும். நடந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். யாருகிட்ட வேணாலும் காட்டுங்க."

அவள் அந்தத் தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். என்மேல் அவளுக்கு இரக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"நீங்க அதைக் காதால கேக்கேல்லையே அக்கா," என்றாள். "கேக்காத ஒண்டை எப்பிடி எழுதுவியள்?"